கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?

கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மாடிக்கு மாடி புத்தகங்கள். கீழ்த்தளத்தில் பார்வையற்றோருக்கென்று பிரெய்லி நூல்களும் உண்டு. இளம் வயதிலேயே விரலால் படிக்கப் பழகியவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் ஐம்பது வயது வரை காலையில் காபியும் பத்திரிகையுமாக இருந்துவிட்டு, பிறகு எழுத்தே தெரியாமல் போகிறவர் என்ன செய்வார்? அப்படிப்பட்டவர்களை உண்டாக்கும் வியாதி ஒன்று நம் வீடுகளில் குடியிருக்கிறது. அதுதான் சர்க்கரை வியாதி.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. சென்னை நகரத்துச் சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரை கெட்டிருப்பதாக 2005-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்! உலகம் முழுவதும் 2020-இல் இப்படிப்பட்டவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த நோய் திருடனைப் போல ஓசையின்றி வருகிறது. சர்க்கரை மிகுந்த ரத்தம், விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை நாளடைவில் நலியச் செய்கிறது. அவை கசிகின்றன, அடைத்துக்கொள்கின்றன. பிறகு முளைக்கும் புதுக் குழாய்கள் பலமற்றவை; உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அதுவரை வலி இல்லை, சிவப்பு இல்லை, பலருக்குப் பார்வையும் குறைவதில்லை. "எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது?" என்று கேட்பவர் ஏமாறுவது இங்கேதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டினால் போதாது. கண்ணின் உள்ளே பார்க்க வேண்டும்.

காலத்தில் கண்டால் லேசர் ஒளியும் கண்ணில் போடும் ஊசியும் பெரும்பாலோரின் பார்வையைக் காப்பாற்றும். போன பார்வையைத் திருப்பித் தருவதோ பெரும்பாலும் அவற்றால் ஆகாது.

வைத்திய வசதி இல்லாத ஊரா இது? எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது. சங்கர நேத்ராலயா 1978-இல் பிறந்தது. இருந்தும் என்ன? கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். துணைக்கு ஆள் வேண்டும். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கும் அது ஒரு நாள் கூலி நஷ்டம். நோயாளி வரவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை. விழித்திரையைப் படம் பிடிக்கும் காமிரா அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இது நடக்கக்கூடிய காரியமே. இங்கிலாந்தில் 2003 முதல் சர்க்கரை நோயாளிகளைக் கடிதம் போட்டு அழைத்து விழித்திரையைப் படம் பிடித்தார்கள். உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு அங்கே பல்லாண்டுகளாக முதற்காரணமாக இருந்த இந்த நோய், 2009-10-இல் அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டது. நம் அரசோ 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. பாராட்ட வேண்டிய செயல். மாத்திரை தரும் கை, "இந்த வருஷம் விழித்திரையைப் படம் எடுத்தாயிற்றா?" என்றும் கேட்க வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அந்தக் காமிரா இருக்க வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் சர்க்கரை கண்டவர்கள், கண்ட அன்றே ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் விழித்திரையைக் காட்ட வேண்டும். தீபாவளிக்குத் துணி எடுக்க யாரும் மறப்பதில்லை. அந்த மாதத்திலேயே அப்பாவையும் அம்மாவையும் கண் டாக்டரிடம் அழைத்துப் போகும் வழக்கத்தையும் குடும்பங்கள் ஏற்படுத்திக்கொண்டால், பல வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கும்.