அட்டைக்குள் அடங்காத வார்த்தை



ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில், குடும்பம் குடும்பமாக முன்னே வந்து, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்துச் செல்வது நம் சபையின் வழக்கம். வருகிற ஆண்டு ஆராதனையில் அந்தத் தட்டு இராது. அதற்கான காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் சபையின் சகோதரி ஒருவர் தம் கணவரை அடக்கம் செய்து நாற்பது நாட்கள் கழிந்தபின் என்னைக் காண வந்தார். அவர் கையில் ஓர் அட்டை இருந்தது. தேவன் நம்மைக்குறித்து நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று உரைக்கும் எரேமியா 29:11 அதில் அச்சிடப்பட்டிருந்தது. அவருடைய கணவர் நோயுற்றிருந்த காலத்தில் எடுத்த அட்டை அது. அதன்பின் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், கர்த்தர் தம்மிடம் பேசியதாகவும், மூன்று மாதங்களில் பூரண சுகம் நிச்சயம் என்றும் கூறிச் சென்றிருக்கிறார். இரண்டையும் சேர்த்து அவர் நம்பினார்.

"ஐயா, கடைசி வாரத்தில் பிள்ளைகளைக்குறித்து அவர் என்னோடு பேச ஆசைப்பட்டார். அவிசுவாசமாகப் பேசாதீர்கள் என்று நான் அவர் வாயை அடைத்துவிட்டேன். அவர் பேசாமலே போய்விட்டார். பொய் சொன்னது யார், ஐயா? ஆண்டவரா?"

ஆண்டவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டையை அச்சுக்குக் கொடுத்தவன் நான். ஆகையால் இந்தக் கடிந்துகொள்ளுதல் என்னிடத்திலேயே தொடங்குகிறது.

அந்த வசனம் எங்கே இருக்கிறது என்று வேதத்தைத் திறந்து பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதத்தின் நடுவில் அது நிற்கிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்று அக்கடிதம் அறிவுறுத்துகிறது. விடுதலை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே என்று பத்தாம் வசனம் கூறுகிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் எழுபது ஆண்டுகள் உயிரோடிருந்திருப்பார்கள்? தாங்கள் அந்நிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்படுவோம் என்று அறிந்துகொண்டவர்களுக்கே அந்தச் சமாதான நினைவுகள் அறிவிக்கப்பட்டன. நாமோ பத்தாம் வசனத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பதினோராம் வசனத்துக்கு மட்டும் பூக்கரை போட்டு அச்சிடுகிறோம். எட்டாம் ஒன்பதாம் வசனங்களையும் விட்டுவிடுகிறோம். உங்கள் தீர்க்கதரிசிகளிடம் ஏமாந்துபோகாதிருங்கள் என்ற எச்சரிப்பு அங்கேதான் இருக்கிறது!

முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அனனியா என்பவன் தேவாலயத்தில், ஆசாரியருக்கும் ஜனங்களுக்கும் முன்பாக நின்று, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவரும் என்று கர்த்தரின் நாமத்தில் முழங்கினான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும்போட்டான். எரேமியா முதலில் சொன்ன சொல் என்ன தெரியுமா? ஆமென் என்பதே. அப்படியே ஆகவேண்டும் என்று அவனும் விரும்பினான். ஆனால் தான் விரும்புவதையும் தேவன் உரைப்பதையும் அவன் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை. அனனியா அதே ஆண்டில் மரித்தான். அவனுடைய இரண்டாண்டு கணக்கு பொய்த்தது. எரேமியாவின் எழுபதாண்டு கடிதம் இன்றும் நம் கையில் இருக்கிறது.

பிரியமானவர்களே, அனனியாவின் வாரிசுகள் நம் நடுவில் பெருகிவிட்டார்கள். கர்த்தர் என்னிடம் சொன்னார் என்ற ஒரு வார்த்தையை முன்னே வைத்துவிட்டால், அதன்பின் எவரும் கேள்வி கேட்கலாகாது என்று நினைக்கிறார்கள். சொன்னது நடந்தால் ஊழியருக்கு மகிமை. நடவாவிட்டால் உங்கள் விசுவாசத்தில் குறை. இந்தத் தராசு எந்தச் சந்தையில் செல்லும்? மூன்று மாதம் என்று சொன்னவர் நான்காம் மாதத்தில் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவேண்டாம் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் கட்டளையிடுகிறார். பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுத் தினந்தோறும் ஆராய்ந்தார்கள். வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. சோதிக்கப்பட மறுக்கிற வார்த்தை அப்போஸ்தலனுடைய வார்த்தையைவிட உயர்ந்ததோ?

அப்படியானால் தேவன் ஓர் அட்டையின் மூலம் பேச மாட்டாரா என்று கேட்பீர்கள். பேசுவார், பேசியும் இருக்கிறார். உங்களில் சிலர் துயர வேளையில் ஒரே வசனத்தால் தாங்கப்பட்டதை நான் அறிவேன். அதை நான் மறுக்கவில்லை. பிலேயாமிடம் அவர் கழுதையின் வாயினாலும் பேசினார். அதற்காக ஆண்டுதோறும் தொழுவத்தின் வாசலில் போய் நின்று தேவசத்தத்துக்குக் காத்திருப்பவன் உண்டோ? வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்தெடுத்து நீட்டும் வித்தையை நம் ஆண்டவரிடமே சோதனைக்காரன் காட்டினான். அவன் காட்டியது தொண்ணூற்றோராம் சங்கீதம். நாம் அட்டைகளில் மிகுதியாக அச்சிடுவதும் அதுவே. ஆண்டவரோ வேறொரு வேதவாக்கியத்தை எடுத்துக்காட்டி அவனை மடக்கினார். வேதத்தை வேதமே விளக்க இடங்கொடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

தேவன் இன்று எவ்வாறு பேசுகிறார்? பூர்வகாலத்தில் தீர்க்கதரிசிகளைக்கொண்டு பேசினவர் இந்தக் கடைசி நாட்களில் தம் குமாரனைக்கொண்டு பேசியிருக்கிறார் என்று எபிரெயர் நிருபம் தொடங்குகிறது. அந்தக் குமாரனுக்குச் சாட்சியாக முழு வேதாகமமும் நம்மிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆவியானவர் அதை நம் இருதயத்தில் எழுதுகிறார்; சபையின் ஐக்கியத்தில், ஒருவரை ஒருவர் திருத்தும் அன்பில், அதை உறுதிப்படுத்துகிறார். இது மெதுவாக நடக்கும் காரியம். நாம் கேட்க விரும்பாததையும் அது சொல்லும். அட்டையின்மேல் நமக்குள்ள பிரியத்தின் இரகசியமும் இதுதான்: அது ஒருபோதும் நம்மைக் கடிந்துகொள்வதில்லை.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழைக் கற்று, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து, 1719-இல் மரித்தார். எஞ்சியதைப் பின்வந்தவர்கள் முடித்தார்கள். ஒரு முழுப் புத்தகத்தை நம் தாய்மொழியில் நம் கையில் வைப்பதற்காக அவர்கள் தங்கள் ஆயுளைச் செலவிட்டார்கள். அதை நாம் துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் வைத்துக் குலுக்கல் நடத்துகிறோம்.

அன்று அந்தச் சகோதரியோடு எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். எழுபது ஆண்டுகள் என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "இது எங்கள் வீட்டுக்கு எழுதியதுபோல இருக்கிறது, இதை அன்றே வாசித்திருந்தால் அவரைப் பேச விட்டிருப்பேன்" என்றார்.

அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. ஆகையால் டிசம்பர் 31 இரவு வெறுங்கையோடு வராதீர்கள். உங்கள் வேதாகமத்தைக் கொண்டுவாருங்கள். அன்று எரேமியா 27 முதல் 29 வரை சபையாகச் சேர்ந்து வாசிப்போம். ஜனவரி முதல் அந்தப் புத்தகம் முழுவதையும் வாரந்தோறும் வாசித்து முடிப்போம். கர்த்தர் உன்னைக்குறித்துச் சொன்னார் என்று எவரேனும் உங்கள் வீட்டுக்கு வந்தால், அவர்முன் வேதத்தைத் திறந்து வையுங்கள். நான் வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

தம்முடைய வார்த்தையை முழுமையாய்க் கேட்கும் செவியைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.