வைர ராஜாவின் மூளைச் சலவை இயந்திரம்

‘ஹீரக் ராஜார் தேஷே’ - வைர ராஜாவின் நாட்டில் - என்னும் வங்காளிப் படத்தைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் கொல்கத்தாவில் குறைவு. தமிழ்ப் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. 1980 டிசம்பரில் வெளியான இப்படத்திற்குக் குழந்தைப் படம் என்று முத்திரை குத்தி, பிள்ளைகளை டி.வி. முன் உட்கார வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவது பெற்றோரின் வழக்கம். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே கதைதான். அன்று பார்த்த பிள்ளைகளுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. அவர்கள் இன்னொரு முறை உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இது.

கூப்பி பாடகன், பாகா டோல் அடிப்பவன். சத்யஜித் ரே தம் பாட்டனார் உபேந்திரகிஷோர் எழுதிய கதையை வைத்து 1969-ல் எடுத்த ‘கூப்பி காயின் பாகா பாயின்’ படத்திலேயே இருவரும் பேய்களின் அரசனிடம் வரம் வாங்கிவிட்டார்கள். நினைத்த மாத்திரத்தில் சாப்பாடு, செருப்பு மாட்டினால் நினைத்த ஊர், பாடினால் கேட்பவர் அசையாமல் நின்றுவிடுவார்கள். இரண்டாவது படத்தில் அவர்கள் போய்ச் சேரும் வைர நாட்டில் சுரங்கத் தொழிலாளிக்குக் கூலி இல்லை, விவசாயி வரி கட்ட முடியாமல் தவிக்கிறான். முணுமுணுத்தவனைப் பிடித்து விஞ்ஞானியின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கும் ‘ஜந்தர் மந்தர்’ என்ற இயந்திரத்திற்குள் தள்ளுகிறார்கள். ஆஸ்தான கவி எழுதிய துதி அவன் மூளையில் ஏற்றப்படுகிறது. வெளியே வருகிறவன் பசியோடு ராஜாவைப் புகழ்ந்துகொண்டே போகிறான்.

சிறுவர்களுக்கு இந்த இயந்திரம் வேடிக்கை. பெரியவர்கள் பார்க்க வேண்டியது ராஜசபையை. வைர மாலை வாங்கிய மந்திரிகள் ராஜா எதைச் சொன்னாலும் ‘சரி, சரி’ என்கிறார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை ஒருமுறை தட்டினால் போதும், அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். இவர்களும் அப்படித்தான். இவர்களில் ஒருவரையும் இயந்திரத்தில் போட வேண்டியிருக்கவில்லை என்பதைச் சின்ன வயதில் யார் கவனித்தார்கள்?

இங்கிலாந்தில் 1966-ல் ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியர் ‘தண்டர்பேர்ட்ஸ் ஆர் கோ’ என்று ஒரு விஞ்ஞானக் கதைப் படம் தயாரித்தார்கள். நடித்ததெல்லாம் பொம்மைகள், செவ்வாய் கிரகத்துக்கு ராக்கெட்டில் போகின்றன. பிள்ளை வயதில் பார்த்தவருக்கு ராக்கெட் தெரிந்தது. வளர்ந்தபின் பார்த்தால் பொம்மையின் தலைக்குமேல் மெல்லிய கம்பி தெரிகிறது. ரேயின் படத்தில் பொம்மை இல்லை, மனிதர்கள்தான். ஆனாலும் வயது ஏற ஏறக் கம்பி கண்ணில் படுகிறது. கம்பியின் மறுமுனை யார் கையில் என்பதும் தெரிய வருகிறது.

அந்தக் கை எது என்பதில் அன்றைய பெரியவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்க முடியாது. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை. டில்லியில் துர்க்மான் கேட் குடிசைகள் இடிக்கப்பட்டது 1976-ல். படத்தில் ராஜாவின் விழாவுக்கு விருந்தாளி அரசர்கள் வருகிறார்கள் என்று ஏழைகளை அவர்கள் கண்ணில் படாமல் விரட்டும் காட்சி இருக்கிறது. அது டில்லியில் நடந்ததன் நேரான பிரதிபலிப்பு என்று ரேயே பின்னர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். படம் வெளிவந்தபோது இந்திரா காந்தி மறுபடி பிரதமராகிவிட்டார். தயாரித்தது மேற்கு வங்காள அரசு. நம்மவர்களுக்குச் சோவின் ‘முகமது பின் துக்ளக்’ நினைவுக்கு வரலாம். அது பெரியவர்களிடம் பேசிய படம். ரே அதே சமாசாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

ராஜாவாக வருபவர் உத்பல் தத். 1965-ல் விசாரணையில்லாமல் மாதக்கணக்கில் சிறையில் அடைக்கப்பட்ட நாடகக்காரர். அதிகாரத்தின் மிடுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தை ராஜா இழுத்து மூடியதும் மலையில் ஒளிகிற வாத்தியார் உதயன் பண்டிட்டாக சௌமித்ர சட்டர்ஜி. படத்தில் ஏறக்குறைய எல்லோரும் எதுகை மோனை போலச் சந்தத்தில் பேச, இவர் ஒருவர் மட்டும் வெறும் உரைநடையில் பேசுகிறார். வங்காளி அரைகுறையாகத் தெரிந்தவர்களும் காதால் கேட்டே இதைப் பிடித்துவிடலாம். (ஆஸன்சோல்-ஆத்ரா மார்க்கத்தில் ஜயசண்டி பஹார் ஸ்டேஷனில் இறங்கினால் அந்தக் குன்றுகளைப் பார்க்கலாம்.)

இவ்வளவு புகழ்ந்தாலும் ஒரு நெருடலைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. முடிவில் கூப்பியும் பாகாவும் கஜானாவிலிருந்து வைரத்தை எடுத்துக் காவலர்களை வளைக்கிறார்கள். விஞ்ஞானியையும் வைரத்தாலேயே தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். ராஜாவையும் மந்திரிகளையும் அதே இயந்திரத்திற்குள் தள்ளுகிறார்கள். வெளியே வந்த ராஜா, ஜனங்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்துத் தன் சிலையைத் தானே இழுத்துத் தள்ளுகிறான். கொட்டகையில் கைதட்டல் பறந்த கட்டம். ராஜா திருந்தியா கயிற்றைப் பிடித்தான்? அவன் மூளையில் வேறு துதி ஏற்றப்பட்டது, அவ்வளவுதான். வைரம் அப்போதும் விலைக்கு வாங்கியது. விஞ்ஞானி அப்போதும் கூலிக்கு வேலை செய்தார். இயந்திரத்தை உடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ரே இதைத் தெரிந்தே வைத்தாரா, கதை முடிய வேண்டும் என்று வைத்தாரா என்று வாதிடலாம். குழந்தைக் கதையில் இவ்வளவு பார்ப்பானேன் என்பாரும் உண்டு. ஆனால் மேற்கு வங்காளத்தில் எந்தக் கட்சி ஆட்சி செய்தாலும் எதிர்க்கட்சிக்காரர்கள் ஹீரக் ராஜாவின் பெயரைச் சொல்லித்தான் ஏசுகிறார்கள். நாற்காலி மாறியதும் ஏசியவரே ஏச்சு வாங்குகிறார். அதற்கான விடை அந்தக் கடைசி ரீலிலேயே இருக்கிறது. அடுத்த முறை படம் டி.வி.யில் வரும்போது, சிலை விழுந்ததும் எழுந்து போகாமல், அந்த இயந்திரத்தை என்ன செய்திருக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.