மென்சவ்வும் அதன் கரைப்பானும்

வாயுக்களை வேறுபிரிக்கும் தொழிலில் மென்சவ்வு பெற்றுள்ள புகழ் தகுதியானதே. வளியைத் திரவமாகும்வரை குளிரச் செய்வதும், காபனீரொட்சைட்டை அமீன் கரைசலில் உறிஞ்சி அக்கரைசலை மீண்டும் காய்ச்சுவதும் பெருஞ்செலவுடையன. பல இடங்களில் அவற்றின் வேலையை அமுக்க வேறுபாடு ஒன்றையே துணையாகக் கொண்டு மெல்லிய தோலொன்று செய்துவிடுகின்றது. எரிபொருள் மிஞ்சுகின்றது. ஆதலின் இதனைத் தூய தொழில் என்கின்றனர். அத்தோல் பிறந்த இடத்தையும் பார்த்த பின்னரே அப்பெயரைச் சூட்டல் வேண்டும் என்பது எமது கருத்து.

பொலிசல்போன், பொலியிமைட்டு போன்ற பல்பகுதியம் ஒன்றைக் கரைப்பானிற் கரைத்துப் பாகாக்கி, படலமாகப் பரப்பியோ உட்டுளையுள்ள நூலாக இழுத்தோ நீரில் அமிழ்த்துவர். கரைப்பான் நீருக்குள் ஓடும்; நீர் பாகினுள் நுழையும்; பல்பகுதியம் உறைந்து, மேலே நெருங்கிய தோலும் கீழே கடற்பஞ்சு போன்ற தாங்கியுமாக நிற்கும். இவ்வேலைக்கு நெடுங்காலம் கைகொடுத்தவை இருமெதயில்போமமைட்டும் என்-மெதயில்பைரொலிடோனும். வலிய பல்பகுதியங்களைக் கரைப்பதும் நீருடன் எந்த அளவிலும் கலப்பதும் இவற்றின் சிறப்பு. கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு விளைக்கத்தக்கன என வகுக்கப்பட்டமை இவற்றின் குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பின்னதற்கு 2020 மே முதலும், முன்னதற்கு 2023 டிசெம்பர் முதலும், தொழிலாளரை அணுகக்கூடிய அளவுக்கு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. கரைப்பானின் பெரும்பகுதி இறுதியிற் சென்று சேருமிடம் அந்த நீர்த்தொட்டியே.

ஆதியில் நிலைமை வேறு. 1960ஆம் ஆண்டை அண்டிக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் (இப்பெயர் எம் செவிக்குப் புதிதன்று) ஆகிய இருவரும் உப்புநீரை நன்னீராக்கும் சவ்வை வார்த்தபோது, எடுத்த பொருள் செலுலோசு அசற்றேற்று, கரைப்பான் அசற்றோன். அசற்றோன் எளிதில் தீப்பற்றும்; எனினும் மேற்சொன்ன குற்றம் அதற்கில்லை. வலிய பல்பகுதியங்களை நாடியபோதே கொடிய கரைப்பான்களும் உடன் வந்தன.

இன்று மாற்றாகக் கூறப்படுவன பல. செலுலோசுக் கழிவிலிருந்து பெறும் சைரீன், தாவரப் பொருளிலிருந்து ஆக்கத்தகும் காமா-வலரோலக்டோன் ஆகியன அவற்றுட் சில. இவற்றை வரவேற்கின்றோம். ஆனால் தாவரத்திற் பிறந்தது என்பது மட்டும் நற்சான்றிதழ் ஆகாது. எட்டிக்காயும் மரத்திற்றான் காய்க்கின்றது.

நிற்க, தொழில்முறைத் தடையொன்றும் உண்டு. நீரை வடிக்கும் சவ்வில் நுண்டுளை சற்றே பெருத்தாலும் பொறுக்கலாம். வாயுவில் அது நடவாது. ஒட்சிசன் மூலக்கூற்றின் குறுக்களவு 0.346 நனோமீற்றர்; நைதரசனுடையது 0.364. இத்துணைச் சிறு வேற்றுமையை அறியவேண்டிய தோலில், பரப்பின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஓட்டையாயினும் இரண்டும் அவ்வழியே தாராளமாகப் போய்விடும். கரைப்பானை மாற்றினால் பாகின் பிசுக்குமையும் நீர் புகும் வேகமும் மாறும், தோலும் மாறும். சைரீனோ என்-மெதயில்பைரொலிடோனைவிடப் பன்மடங்கு பிசுக்குமை உடையது. ஆயினும் இது தீராத நோயன்று. 1980ஐ அண்டி மொன்சாண்டோ நிறுவனம், அமோனியா ஆலை வாயுவிலிருந்து ஐதரசனை மீட்கும் தன் பொலிசல்போன் நூல்களின்மேற் சிலிக்கோன் இறப்பரை மெல்லெனப் பூசி, ஓட்டைகளை அடைத்தே அவற்றைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

பிரிதிறன் குறைந்த சவ்வு ஆண்டுக்கணக்கில் மின்சாரத்தை விழுங்கும். வார்த்த நாளிற் பெற்ற நன்மை அதிற் கரைந்துபோம் என்பர் சிலர். நியாயமான தடையே. ஆனால் மின்சாரத்துக்குப் பணம் செலுத்துபவன் சவ்வை வாங்குபவன். கரைப்பானின் ஆவியை மூச்சில் வாங்குபவன் தொட்டியருகே நிற்கும் தொழிலாளி. இருவரின் இழப்பையும் ஒரே தராசில் நிறுப்பது எமக்கு உடன்பாடன்று.

பசுங் கரைப்பானை ஆதரிப்போரிடமும் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. காமா-வலரோலக்டோன் கொதிப்பது ஏறக்குறைய 207 பாகை சதமவளவில், என்-மெதயில்பைரொலிடோனோ 202இல். எதுவாயினும் அதனை நீரிலிருந்து காய்ச்சி மீட்க, முதலில் நீர் முழுவதையும் ஆவியாக்க வேண்டும். சைரீனோ நீருடன் சேர்ந்து ஓரளவு வேறொரு சேர்வையாகவும் மாறிவிடுகின்றது. இத்துறையில் இறங்கும் எம் மாணவர், ஆராய்ச்சிக் கட்டுரையொன்றைக் கையில் எடுக்குங்கால், பிரிதிறன் அட்டவணையோடு நின்றுவிடாது, அத்தொட்டி நீர் என்னவாயிற்று என்று கூறும் பகுதியையும் தேடிப்பார்ப்பாராக.