வாடகை அறைக்குத்தான்... வீட்டுக்காரிக்கு அல்ல!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி தன் மனக்குறையை எழுதியிருந்தார். மலைக்குச் சுற்றுலா போனார்களாம். ஓட்டல் வேண்டாம், வீடு மாதிரி இருக்கட்டும் என்று ஹோம் ஸ்டேயில் தங்கினார்களாம். ராத்திரி பத்தரை மணிக்குத் தோசை கேட்டதற்கு வீட்டுக்கார அம்மா 'அடுப்பை அணைச்சாச்சு' என்று சொல்லிவிட்டாராம். 'தமிழர்களின் விருந்தோம்பல் எங்கே போயிற்று?' என்று கேட்டு முடித்திருந்தார். அவர் பக்கத்து நியாயம் அவருக்கு. ஆனால் அடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒருத்தியின் நியாயத்தையும் சகோதரிகள் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் கட்டி, முறைப்படி அனுமதி வாங்கி, ஐந்து வருடமாக நாள் வாடகைக்கு விடுகிறோம். கீழே நாங்களும், மாமியாரும், பத்தாவது படிக்கும் மகளும், ஆறாவது படிக்கும் மகனும். மாடி கட்ட வாங்கிய பாங்க் கடன் இன்னும் முடியவில்லை. ஏப்ரல், மே சீசன் வருமானத்தில்தான் தவணையும் பிள்ளைகளின் பீஸும் ஓடுகிறது. அந்த இரண்டு மாதமும் என் கணவர் விடியற்காலை வண்டியை எடுத்தால் ராத்திரிதான் வீடு திரும்புவார். ஆகவே வருகிறவர்களுக்குக் கதவு திறப்பது முதல், போன பிறகு போர்வை துவைப்பது வரை எல்லாம் நான்தான்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கமானவர்கள். போகும்போது போர்வையை மடித்து வைத்துவிட்டு, 'வர்றோம்மா' என்று சொல்லிவிட்டுப் போகிற பெரியவர்கள் உண்டு. மறு வருடம் என் மகளுக்கு மறக்காமல் மல்லிகைப் பூ கொண்டு வந்த மதுரைக்கார அம்மா உண்டு. நான் எழுதுவது அவர்களைப் பற்றி அல்ல. நாலு பேர் வந்தால் அதில் ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை சொல்வது வேறு, அதிகாரம் செய்வது வேறு. பெட்ஷீட் அழுக்காக இருந்தால், தாழ்ப்பாள் சரியாக விழாவிட்டால், படத்தில் ஓர் அறையைக் காட்டிவிட்டு வேறு அறையைக் கொடுத்தால் நன்றாகவே சண்டை போடுங்கள். அது காசு கொடுத்தவர்களின் உரிமை. அப்படி ஏமாற்றுகிற வீடுகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வாங்கின காசுக்குள் வராததை எல்லாம், 'வீடுதானே, நீங்க சும்மாதானே இருக்கீங்க' என்று கேட்கிறார்களே, அதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது.

வெந்நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கீசர் 25 லிட்டர், 2,000 வாட். இந்தக் குளிரில் அது நன்றாகச் சூடேற முக்கால் மணி நேரம் ஆகும், ஒன்றரை யூனிட் கரண்ட் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு வாளி. நாலு பேர் வரிசையாகக் குளிக்க வேண்டுமென்றால் நடுவில் காத்திருக்கத்தான் வேண்டும். இதை எத்தனை தரம் விளக்கினாலும், 'ஓட்டல்ல இருபத்துநாலு மணி நேரமும் வருதே' என்பார்கள். சீசனில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். போதாததற்கு டேங்கர் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பல் தேய்த்து முடிக்கும் வரை ஓட விடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தினமும் பெட்ஷீட் மாற்றச் சொல்வார்கள். மேகம் இறங்கிவிட்டால் இங்கே துணி இரண்டு நாளானாலும் காயாது என்பது கீழே வெயிலில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இ-பாஸை நாங்களே எடுத்துத் தர வேண்டும் என்பார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தலைக்கு 20 ரூபாய் என்று 2024-ல் பசுமை வரி வந்தது. வழியில் அதைக் கட்டினால் அந்தக் கோபத்தையும் எங்களிடம்தான் காட்டுவார்கள். இதெல்லாம் கூடப் பரவாயில்லை, சிரித்துச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதவையும் இருக்கின்றன. தோட்டத்தில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாட வேண்டும் என்பார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு நாள்கணக்கில் எரிந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். காய்ந்த சருகில் ஒரு பொறி போதும். சில இளவட்டங்கள் குரலைத் தாழ்த்தி, 'அக்கா, காளான் கிடைக்குமா?' என்பார்கள். கறி வைக்கிற காளான் இல்லை, போதைக் காளான். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வயதுக்கு வந்த பெண் கீழே படித்துக்கொண்டிருக்கும் வீட்டில் நின்றுகொண்டு இப்படிக் கேட்க எப்படி மனசு வருகிறது?

நான் யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. இதே ஆட்கள் லாட்ஜில் தங்கினால், கவுண்டரில் இருக்கும் மானேஜரிடம் ராத்திரி பதினொரு மணிக்குப் போய், 'எங்க அம்மாவுக்கு ஒரு கஷாயம் வச்சுக் குடுங்க, குழந்தைக்குக் கொஞ்சம் ரசம் சாதம் பிசைஞ்சு குடுங்க' என்று கேட்பார்களா? மாட்டார்கள். அங்கே ஒவ்வொன்றுக்கும் பில் வரும் என்று தெரியும். வீடு என்றால் மட்டும், அங்கே ஒரு பெண் இருப்பாள், அவள் செய்வாள், அதற்குக் கணக்குக் கிடையாது என்று நினைப்பு. நம் வீடுகளில் அம்மாவும் மனைவியும் செய்கிற வேலைக்கு யாரும் விலை போட்டதில்லை அல்லவா, அந்தப் பழக்கம் சூட்கேசோடு கூடவே மலை ஏறி வந்துவிடுகிறது. இதில் வேதனை என்னவென்றால், இப்படிக் கேட்பவர்களில் பெண்களும் உண்டு. தன் வீட்டில் ஒரு நாள் ஓய்வு கிடைக்காதா என்று ஏங்கி வந்தவள், அந்த ஓய்வை இன்னொருத்தியின் தூக்கத்திலிருந்து எடுக்கலாமா?

ஒருவர் என்னிடம், 'திருக்குறள் படிச்சதில்லையாம்மா?' என்றே கேட்டார். படித்திருக்கிறேன். விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே கொடுத்து, பத்துக் குறள் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பத்தில் எதிலும் அட்வான்ஸ் கிடையாது, பாக்கித் தொகை கிடையாது, 'இதைச் செய்யலேன்னா ஒரு ஸ்டார்தான் போடுவேன்' என்ற மிரட்டலும் கிடையாது. அது விருந்து. இது வியாபாரம். வியாபாரத்தில் அன்பு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அன்பை மிரட்டி வாங்க முடியாது.

போன வருடம் மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நாலு பேர் என்று போனில் பதிவு செய்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு வேனில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். 'கீழ பாய் போட்டுப் படுத்துக்கறோம், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க' என்றார் வந்தவர்களில் பெரியவர். அறைக்கு இரண்டு பேர்தான் கணக்கு. ஒன்பது பேருக்குத் தண்ணீரும் இல்லை, கம்பளியும் இல்லை. அந்தக் குளிரில் வெறும் பாயில் படுத்து யாருக்காவது ஏதாவது ஆனால் பொறுப்பு யார்?

"பாட்டியும், பிள்ளைங்களும், அவங்க அம்மாவுமா நாலு பேர் தங்கட்டும் சார். மத்தவங்களுக்குப் பக்கத்துலயே ரூம் இருக்கு, நானே போன் பண்ணிக் கேட்டுத் தர்றேன்" என்றேன்.

மனிதர் குதித்தார். காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறேன் என்றார். ஸ்டாரைக் குறைத்து உங்க பிழைப்பையே கெடுத்துவிடுவேன் என்றார். உள்ளிருந்து என் மாமியார், 'காசு குடுக்கறவங்களப் பகைச்சுக்காதம்மா' என்று கையைப் பிடித்தார். போனில் கணவரும், 'இந்த ஒரு ராத்திரிதானே' என்றார். சீசனில் ஒரு புக்கிங் போனால் வலிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும், 'நாலு பேருக்குத்தான் இடம் சார். வேண்டாம்னா அட்வான்ஸை இப்பவே திருப்பித் தர்றேன்' என்று சொல்லிவிட்டேன். முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு வேனைத் திருப்பினார்கள். அந்த அறைகள் அன்று காலியாகவே கிடந்தன.

சொன்னபடியே ஒரு ஸ்டாரும் போட்டார். 'வயதான அம்மாவை நடுராத்திரியில் துரத்திய வீடு' என்று எழுதினார். அதன் கீழேயே நான் நாலு வரி பதில் எழுதினேன். பதிவு செய்தது நாலு பேருக்கு, வந்தது ஒன்பது பேர், மணி எட்டு, பாட்டிக்கும் குழந்தைகளுக்கும் இடம் தருவதாகச் சொன்னேன், பணம் முழுதும் திருப்பித் தந்தாயிற்று. அவ்வளவுதான். வசவும் இல்லை, அழுகையும் இல்லை. அந்த ஒற்றை ஸ்டார் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வராமல் போனவர்களும் இருப்பார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

'வர்றவங்கள வேண்டாம்னு சொல்லலாமா?' என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வருகிறவர்களுக்கு 2024 மே 7-ம் தேதி முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்குக் கொடைக்கானலில் வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் அளவே வைத்தது. இவ்வளவு பெரிய மலை, இவ்வளவு பெரிய ஏரி. அதற்கே 'இவ்வளவுதான் தாங்கும்' என்று ஓர் அளவு வைக்க வேண்டி வந்துவிட்டது. இரண்டு கை, இரண்டு கால் உள்ள ஒரு பெண்பிள்ளைக்கு அளவு இருக்கக் கூடாதா?

என்னைப் போல வீட்டு அறையை வாடகைக்கு விடுகிற பெண்களுக்கு, அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். அட்வான்ஸ் வாங்கும் முன்பே எல்லாவற்றையும் போனில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி வரை சாப்பாடு, வெந்நீர் எப்போது, கேட் எப்போது பூட்டுவீர்கள், நெருப்பும் குடியும் கூடாது என்று எல்லாமே. வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுத்தில் இருப்பது கடைசி வரை கூட நிற்கும். கூடுதலாகச் செய்யத் தயாராக இருப்பதற்கு விலை போட்டுக் கதவின் பின்னால் ஒட்டிவிடுங்கள். கஷாயத்துக்கும் விலை போடுங்கள், வெட்கப்படாதீர்கள். வருகிறவர்களின் அடையாள அட்டை நகலை வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிய வேண்டியது சட்டம். 'முடியாது' என்பதைச் சிரித்த முகத்தோடு ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். காரணத்தை நீட்டிக்கொண்டே போனால் பேரம் தொடங்கிவிடும். குடித்துவிட்டு யாராவது கதவைத் தட்டினால் தனியாகத் திறக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கொடுங்கள், 112-க்குப் போன் செய்யுங்கள். வாடகையை விட மானமும் உயிரும் பெரிது.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வருமானத்தைக் குடும்ப வருமானம் என்கிறீர்கள். அப்படியானால் 'முடியாது' என்று சொல்கிற பாரமும் குடும்பத்தின் பாரம்தானே? வாசலில் நிற்கிறவள் சொன்ன வார்த்தையைப் போனில் மாற்றிச் சொல்லாதீர்கள். அதற்கப்புறம் அவள் பேச்சுக்கு மதிப்பே இராது. என் கணவருக்கு இது புரிய இரண்டு சீசன் ஆயிற்று. இப்போது யாராவது அவருக்குப் போன் போட்டு எதையாவது கேட்டால், 'வீட்ல கேளுங்க, அவங்க சொல்றதுதான்' என்கிறார்.

இனி, வரும் கோடைக்கு மலைக்குப் புறப்படுகிற சகோதரிகளுக்கு. கிளம்பும் முன்பே கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடுங்கள். குழந்தைக்கு இட்லி வேண்டுமா, பெரியவர்களுக்குக் கீழ்த் தளத்தில் அறை வேண்டுமா, முன்கூட்டிச் சொன்னால் மனசார ஏற்பாடு செய்வோம். ஆட்கள் கூடினால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள், ஒரு வழி பிறக்கும். தங்குகிற வீட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கலாம், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். குறை இருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். சரி செய்ய எங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். ஊருக்குப் போய் ஸ்டாரில் கோபத்தைக் காட்டினால் யாருக்கு லாபம்?

உங்களுக்கு அது வருடத்தில் இரண்டு நாள் ஓய்வு. எங்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு. நீங்கள் கொடுக்கும் வாடகையில் அறை உண்டு, வெந்நீர் உண்டு, சுத்தமான போர்வை உண்டு, மலைக்காற்று இனாம். அந்த வீட்டுக்காரி மட்டும் வாடகையில் சேர்த்தி இல்லை. இதைச் சகோதரிகள் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பார்களா?

— ஒரு வாசகி,
கொடைக்கானல்.