விண்ணில் அளந்த நீர் மண்ணுக்கு வந்து சேருமா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆழிப்பேரலை இந்தியப் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்த அந்த வேளையில், தற்செயலாக ஜேசன்-1, டோபெக்ஸ்/பொசைடன் என்னும் இரு செயற்கைக்கோள்கள் அந்தக் கடற்பரப்பின் மேலே சென்றன. அவற்றிலிருந்த ரேடார் உயரமானிகள், ஆழ்கடலில் சுமார் 60 செ.மீ. உயரமே இருந்த அந்த அலையைப் பதிவு செய்தன. தமிழகக் கரையை அலை தொடுவதற்கு அப்போது இன்னும் சிறிது நேரம் இருந்தது.

ஆனால், பதிவான தரவு தரை நிலையத்துக்கு வந்து, பகுத்தாய்வு செய்யப்பட்டு, அறிவியலாளர்களின் கணினித் திரையில் அலையாகத் தெரிவதற்குப் பல மணி நேரம் பிடித்தது. அதற்குள் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் கடலூரும் சிதைந்து போயிருந்தன. அந்தச் செயற்கைக்கோள்கள் எச்சரிக்கை விடுப்பதற்காக ஏவப்பட்டவை அல்ல என்பதால் அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், அளப்பது ஒரு பணி, அளந்ததை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்ப்பது வேறொரு பணி என்பதை அந்தக் காலை உணர்த்தியது. இன்று கடலையும் ஆறுகளையும் விண்ணிலிருந்து கண்காணிக்கும் தொழில்நுட்பம் பன்மடங்கு வளர்ந்துவிட்டது. இரண்டாவது பணி அதே வேகத்தில் வளர்ந்திருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

உயரமானியின் அடிப்படை எளிது. செயற்கைக்கோள் ஒரு நுண்ணலைத் துடிப்பைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. நீர்ப்பரப்பில் பட்டு அது திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தால், அதிலிருந்து இந்தத் தொலைவைக் கழித்து நீர்மட்டத்தைப் பெற்றுவிடலாம்.

கணக்கு எளிதாயினும் செய்து முடிப்பது கடினம். 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு செ.மீ. வேறுபாட்டைக் கண்டறிய வேண்டுமானால், ஒரு விநாடியை 1,500 கோடிக் கூறுகளாகப் பிரித்து அதில் ஒரு கூறு அளவுக்கு நேரத்தை அளக்க வேண்டும். வளிமண்டலத்தில் உள்ள நீராவி துடிப்பைத் தாமதப்படுத்தும். அயனி மண்டலமும் தாமதப்படுத்தும். இவற்றையெல்லாம் தனித்தனியே அளந்து கழிக்க வேண்டும். பல கோடி அளவீடுகளைச் சராசரி செய்யும்போதுதான் உலகக் கடல்மட்டத்தில் ஏற்படும் மில்லி மீட்டர் அளவிலான மாற்றம் புலப்படுகிறது.

1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்ஸும் இணைந்து ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் இந்தப் பணியைத் தொடங்கிவைத்தது. அதன்பின் ஜேசன் வரிசையில் மூன்று செயற்கைக்கோள்கள் வந்தன. 2020 நவம்பரில் சென்டினல்-6 மைக்கேல் ஃபிரைலிக், 2025 நவம்பரில் சென்டினல்-6பி என ஐரோப்பாவும் அமெரிக்காவும் இணைந்து அந்தச் சங்கிலியை நீட்டித்துள்ளன. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே சுற்றுப்பாதையில், சுமார் 10 நாள்களுக்கு ஒருமுறை ஒரே தடத்துக்கு மீண்டும் வந்து அளக்கின்றன. புதிய செயற்கைக்கோள் பழையதற்குச் சில விநாடிகள் பின்னால் பல மாதங்கள் பறந்து, இரண்டின் அளவீடுகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கப்பட்ட பிறகே பொறுப்பு கைமாறுகிறது.

இந்த 30 ஆண்டுத் தொடர் பதிவு சொல்லும் செய்தி கவலைக்குரியது. 1993-லிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாக 10 செ.மீ.க்கு மேல் உயர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு சுமார் 2 மி.மீ. என்றிருந்த உயர்வு வேகம், இப்போது 4 மி.மீ.யைத் தாண்டி இரட்டிப்பாகியுள்ளது. ஒரே ஓர் ஆண்டின் அளவீட்டைக் கொண்டு இதைச் சொல்லியிருக்க முடியாது. எல் நினோ ஆண்டில் கடல்மட்டம் சற்று உயரும். லா நினா ஆண்டில் சற்றுத் தாழும். இந்த ஏற்ற இறக்கங்களுக்கு அடியில் மறைந்திருக்கும் போக்கு, பதிவு அறுபடாமல் இருந்தால் மட்டுமே வெளிப்படும்.

கடல்மட்டம் கடலின் வெப்பத்தையும் காட்டிக்கொடுக்கிறது. நீர் சூடானால் விரிவடையும். ஆகவே வெப்பம் ஆழம்வரை தேங்கியிருக்கும் இடத்தில் கடற்பரப்பு சில செ.மீ. மேடாகத் தெரியும். புயலுக்கு எரிபொருளாவது இந்த வெப்பம்தான். வங்கக் கடலில் ஒரு புயல் வலுப்பெறுமா என்பதை மதிப்பிடும்போது, உயரமானித் தரவிலிருந்து பெறப்படும் வெப்ப அளவும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கடலுக்காக உருவான இந்தக் கருவி, ஆறுகளுக்கும் பயன்படும் என்பது பின்னர் தெரியவந்தது. அதன் முழு மதிப்பை உணர்ந்த நாடு வங்கதேசம். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகளின் மொத்த வடிநிலப் பரப்பில் சுமார் 7% மட்டுமே அந்நாட்டுக்குள் இருக்கிறது. வெள்ளம் உருவாவது எல்லைக்கு அப்பால். வந்து விழுவது எல்லைக்குள். எல்லையில் உள்ள அளவீட்டு நிலையங்களை மட்டுமே நம்பியிருந்தவரை, சில நாள்களுக்கு முன்புதான் வெள்ளத்தைக் கணிக்க முடிந்தது. ஜேசன்-2 செயற்கைக்கோள் இந்தியாவுக்குள் கங்கையையும் பிரம்மபுத்திராவையும் கடக்கும் இடங்களில் எடுத்த நீர்மட்ட அளவுகளைக் கணினி மாதிரியில் சேர்த்தபோது, எட்டு நாள்கள் முன்கூட்டியே கணிக்க முடியும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்களும் வங்கதேச வல்லுநர்களும் 2014-இல் நிறுவினர்.

எட்டு நாள் என்பது ஆற்றங்கரை விவசாயிக்கு என்ன பொருள் தரும்? மூன்று நாளில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எட்டு நாள் கிடைத்தால் விளைந்த நெல்லை அறுக்கலாம், மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச்செல்லலாம், விதைநெல்லைப் பத்திரப்படுத்தலாம். வெள்ளம் வடிந்த பின் கடன் வாங்காமல் அடுத்த பருவத்தைத் தொடங்குவதற்கு அந்தக் கூடுதல் நாள்களே துணை.

2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றது. பழைய உயரமானிகள் தமக்கு நேர்கீழே ஒரு கோடாக மட்டுமே அளந்தன. ஸ்வாட், 10 மீட்டர் இடைவெளியில் பொருத்தப்பட்ட இரு ஆன்டெனாக்களின் உதவியால் 120 கி.மீ. அகலப் பட்டையாக அளக்கிறது. 100 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளும், 250 மீட்டர் நீளமும் அகலமும் கொண்ட ஏரிகளும் அதன் பார்வைக்குள் வரும். எந்த நாட்டு அணையில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கிப் பார்க்கலாம்.

ஆற்றுநீர் அளவு என்பது வெறும் எண் அல்ல என்பதைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி நீர் அளக்கப்பட்டது என்பது ஆண்டுதோறும் இங்கே அரசியல் செய்தியாகிறது. நாடுகளுக்கு இடையே அந்த எண் இன்னும் கூர்மையான ஆயுதம். டோக்லாம் பதற்றம் நிலவிய 2017-இல், ஒப்பந்தப்படி தர வேண்டிய பிரம்மபுத்திரா நீரியல் தரவைச் சீனா தரவில்லை என்று இந்தியா கூறியது. மேல்மடை நாடு தரவை நிறுத்தினால் கீழ்மடை நாடு எவ்வளவு தவிக்கும் என்பதை அப்போது நாம் உணர்ந்தோம்.

அதே இந்தியா, கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலத் தரவைப் பொதுவெளியில் வைக்காமல் காப்பிடப்பட்ட தகவலாகவே நடத்திவருகிறது. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தின் கிழக்கு மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, திரிபுராவின் தும்பூர் அணையை இந்தியா திறந்துவிட்டதாக அங்கே குற்றச்சாட்டு பரவியது. அது உண்மையல்ல என்று மறுத்த வெளியுறவு அமைச்சகம், ஆகஸ்ட் 21 பிற்பகல் 3 மணிவரை நீர்மட்டத் தகவல் அனுப்பப்பட்டது என்றும், மாலை 6 மணிக்கு வெள்ளத்தால் மின்சாரம் தடைப்பட்டுத் தகவல் தொடர்பில் சிக்கல் ஏற்பட்டது என்றும் விளக்கியது. விளக்கத்தில் உண்மை இருக்கலாம். ஆனால், எப்போதும் திறந்திருக்கும் தரவு இல்லாத இடத்தில் வதந்தி முந்திக்கொள்கிறது.

தேசப் பாதுகாப்பு கருதியும், பேச்சுவார்த்தையில் பிடி தளர்ந்துவிடக் கூடாது என்பதாலும் தரவு காக்கப்படுகிறது என்பது அரசுத் தரப்பின் நெடுநாள் வாதம். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் அதற்கு ஓரளவு பொருள் இருந்தது. இன்று அணையின் நீர்மட்டத்தை மறைக்க நினைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சி. மறைப்பதால் அண்டை நாட்டின் அரசுக்குப் பெரிய இழப்பில்லை. நம்பிக்கை இழப்பும், கடைசி நேரத்தில் தவிக்கும் எளிய மக்களும்தான் மிச்சம். 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்குக் கையெழுத்தான கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அதன் இடத்தில் வரும் ஏற்பாட்டில், நிகழ்நேரத் தரவுப் பகிர்வையும் செயற்கைக்கோள் அளவீட்டை இருதரப்பும் ஏற்கும் சான்றாகக் கொள்வதையும் சேர்ப்பதே விவேகம்.

செயற்கைக்கோளால் எல்லாம் முடியும் என்று கருதுவதும் பிழை. ஒரே இடத்துக்கு ஜேசன் வகைச் செயற்கைக்கோள் 10 நாள்களுக்கு ஒருமுறையும், ஸ்வாட் 21 நாள் சுழற்சியிலும் மீண்டும் வருகின்றன. ஓரிரு நாளில் பெருகி வடியும் திடீர் வெள்ளம் இந்த இடைவெளியில் நழுவிவிடும். மேலும், செயற்கைக்கோள் அளப்பது நீரின் உயரத்தை. அதை ஓடும் நீரின் அளவாக மாற்ற, ஆற்றின் ஆழமும் வேகமும் தரையில் அளக்கப்பட்டிருக்க வேண்டும். கரையை ஒட்டிய கடலிலும் நிலத்தின் எதிரொலி கலந்து துல்லியம் குறைகிறது. அங்கே துறைமுகத்தில் உள்ள அலைமானியே நம்பகமானது. எனவே, விண்ணில் கண் இருக்கிறது என்று சொல்லித் தரையில் உள்ள அளவீட்டு நிலையங்களைக் கைவிடுவது இரண்டையும் பயனற்றதாக்கிவிடும்.

விண்ணில் உள்ள கண்ணும் நிரந்தரம் அல்ல. 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை முன்வைத்த திட்டம், நாசாவின் அறிவியல் பிரிவுக்கான நிதியை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க முன்மொழிந்தது. ஒரு நாட்டின் ஆட்சி மாற்றத்தால் உலகம் முழுவதற்குமான கடல்மட்டப் பதிவு ஆட்டம் காணும் நிலை நல்லதல்ல. பதிவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், பழைய அளவையும் புதிய அளவையும் ஒட்டவைக்கப் பின்னாளில் எவ்வளவு செலவிட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

இந்தியாவுக்கு இதில் பார்வையாளர் இடம் மட்டும் உரியதல்ல. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-20 ராக்கெட் சுமந்து சென்ற சரல் செயற்கைக்கோளில் பிரான்ஸின் அல்டிகா உயரமானி பொருத்தப்பட்டிருந்தது. அதிக அதிர்வெண் கொண்ட கேஏ அலைவரிசையில் இயங்கிய முதல் கடல் உயரமானி அதுவே. 2016 ஜூலையில் அது நிலையான மீள்சுற்றுத் தடத்திலிருந்து விலகியது. அதன் பிறகும் பயனுள்ள தரவைத் தந்தது. 7,500 கி.மீ.க்கு மேற்பட்ட கடற்கரையும், பருவமழையை நம்பிய ஆறுகளும், புயல் பிறக்கும் வங்கக் கடலும் கொண்ட ஒரு நாடு, அந்த முன்னோடித் திட்டத்தின் வாரிசாக அடுத்தடுத்த உயரமானிகளை ஏவுவது ஆடம்பரச் செலவாகாது.

அதைவிட முக்கியமானது, அளவீடு மக்களிடம் சென்றுசேரும் பாதை. 2004-க்குப் பின் இந்தியா அந்தப் பாதையை ஒருமுறை அமைத்துக் காட்டியிருக்கிறது. 2007-இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, சில நிமிடங்களிலேயே அங்கிருந்து முதல் அறிவிப்பு வெளியானது. கடலுக்குச் செய்ததை ஆறுகளுக்கும் செய்யலாம். அசாமின் பிரம்மபுத்திராக் கரையிலும் பிஹாரின் கோசிக் கரையிலும் இருக்கும் விவசாயிக்கு, மேலே எவ்வளவு நீர் வருகிறது, எப்போது வருகிறது என்பதை அவர் மொழியில், அவர் கைப்பேசியில், அறுவடைக்கு நேரம் இருக்கும்போதே சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விண்ணில் அளவீடு இருந்தது. கரையில் அதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அடுத்த வெள்ளத்திலும் அப்படியே நடந்தால், கருவி இல்லை என்ற காரணத்தை எந்த அரசும் சொல்ல முடியாது.