கச்சேரி முற்றம் யாருக்கு?

நம் பகுதிக் கச்சேரிகள் பலவற்றின் வாயிலில், உத்தியோகத்தர் வாகனங்களுக்கு மட்டுமே இடமுண்டு என்றொரு பலகை தொங்கக் காண்கின்றோம். எந்த உத்தியோகத்தர் என்பதைப் பலகை சொல்வதில்லை, வாயிற்காவலர் சொல்லிவிடுகின்றார். உள்ளே மேசையும் கதிரையும் உடையவரின் கார் வேப்பமர நிழலை அடைகின்றது. கடமையின் நிமித்தம் அழைக்கப்பட்டு வரும் கிராம உத்தியோகத்தரும் ஆசிரியரும் தமது மோட்டார் சைக்கிளை வெயிலில் வீதியோரம் விடுகின்றனர். அங்கே விட்டதற்குப் பொலிசார் தண்டம் எழுதினால், அதையும் அவர்களே கட்டவேண்டும்!

வெளிக்கள உத்தியோகத்தருக்கு 2014இல் சலுகை விலையில் மோட்டார் சைக்கிள் வழங்கியது அரசாங்கமே. வண்டி கொடுத்தவர்கள் அதை நிறுத்த நாலடி நிலம் கொடுக்க மறந்தனர் போலும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களை வலுவிழந்தோர் அணுகத்தக்கனவாக்குமாறு பணித்தன. போரிலே காலிழந்த கமக்காரர் வாழும் வன்னியில், படிக்கட்டுக்கு அண்மையான இடம் மேலதிகாரியின் ஜீப்புக்கு ஒதுக்கப்படுவதை எவ்வாறு பொறுப்பது? அக்கமக்காரர் ஊன்றுகோலுடன் வீதியிலிருந்து நடந்து வருகின்றார்.

வாசலுக்கு அண்மையான இடம் வலுவிழந்தோர்க்கு. அடுத்தது அழைப்புக் கடிதத்தோடும் அலுவலோடும் வருவோர்க்கு. காலை முதல் மாலை வரை வண்டியை அசைக்காதவர்கள் பின்வளவில் விடட்டும். இதற்குக் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வரவேண்டியதில்லை. பலகையைத் திருத்தி எழுத ஒரு பேணி வர்ணம் போதும். அரசாங்க அதிபர்கள் அதனை இவ்வாரமே வாங்குவார்களா?