விற்றவர் யார்?

சங்க மலர் எதனைப் புரட்டினாலும், பிறந்த ஊரின் பசுமையை எண்ணிக் கண்ணீர் உகுக்கும் கட்டுரை ஒன்றேனும் அதில் இருக்கும். பொன்னி பாய்ந்த வயலும் வாய்க்கால் கரைத் தென்னையும் களத்துமேடும் வரிசையாக வரும். ஈற்றில், வளர்ச்சி என்னும் அரக்கன் யாவற்றையும் விழுங்கிவிட்டான் என்று முடியும். யானும் அவ்வாறு எழுதியவனே. இன்று அந்த அரக்கனின் முகவரியைக் கேட்க விரும்புகிறேன்.

தஞ்சைப் பகுதியில் வயலுக்கிடையே கல் நட்ட மனைப்பிரிவுகளைக் காணாதார் இலர். அவற்றை அரசு கையகப்படுத்தவில்லை. ஆலை முதலாளி பறிக்கவில்லை. தில்லியிலும் மும்பையிலும் உத்தியோகம் பார்க்கும் நாம், 'பார்த்துக்கொள்ள ஆள் இல்லை' என்று சொல்லிக் கையெழுத்திட்டு விற்றவை அவற்றுள் பல.

விற்பது அவரவர் உரிமை அன்றோ என்பர். வயல் தனித்து வாழும் பொருளன்று. ஒரு மா நிலம் ஆறு கிரவுண்டு ஆகும் என்று தரகர் கணக்குச் சொல்வார். வாய்க்காலின் கணக்கை அவர் சொல்லார். தலைமடையில் ஒருவர் மூன்று மாவை மனையாக்கினால், பாதை போடுவதற்காக வாய்க்கால் தூர்க்கப்படும்; கீழே உள்ளவர்க்கு நீர் வராது. ஐப்பசி மழையிலோ, மண்ணடித்து உயர்த்திய மனை வடிகாலை மறிக்க, அண்டை வயலின் சம்பாப் பயிர் அழுகும். இருமுறை நட்டப்பட்டவர் மூன்றாம் ஆண்டு அதே தரகரைத் தேடிச் செல்வார்.

சட்டம் காக்கும் என்று நம்புவோரும் உளர். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் வந்த விதிகளோ, 2016 அக்டோபர் 20க்குள் விற்ற மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறை செய்ய வழிவிட்டன. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணெய்க் கிணற்றையும் உருக்காலையையும் தடுத்தது, நன்றே. அதன் தடைப்பட்டியலில் வீட்டுமனை இல்லை.

சாலையும் மருத்துவமனையும் வேண்டா என்று யான் கூறவில்லை. திண்ணையிலிருந்து நாம் கண்டு களித்த பச்சை, சேற்றில் குனிந்து நட்டவளுக்கு முதுகுவலி. அவள் மகன் பள்ளிக்குப் போக நல்ல சாலை கேட்பது நியாயம். ஆனால் மனைப்பிரிவின் செம்மண் பாதை எந்தப் பள்ளிக்கும் போவதில்லை.

குத்தகைக்கு விட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சியே யானும் 2011இல் என் பங்கு மூன்று மாவை விற்றேன். உழுதுவந்தவர் தவணையில் தாமே வாங்கிக்கொள்வதாகக் கேட்டார். ரொக்கம் தந்தவர்க்கே கொடுத்தேன். மனைகளை வாங்கியோர் பெரும்பாலும் நம்மைப் போன்ற வெளியூர்த் தமிழரே. ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பிப் பசுமைக்கிடையே வாழ விரும்பியவர்கள். இன்றளவும் அங்கே ஒரு வீடும் எழவில்லை. சீமைக்கருவேலம் எழுந்திருக்கிறது.